கல்லா மேசையடி டப்பாக்களும் நகராத எடையும்

கேள்வி: மார்த்தாண்டம் கடைக்காரர்

மார்த்தாண்டத்தில் சிறிய எழுதுபொருள் கடை ஒன்றை நடத்தி வருகிறேன், வயது 44. நான்கு மாதங்களுக்கு முன் எடை 84 கிலோவைத் தொட்டபோது மிக்சர், முறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ் ஆகிய அனைத்தையும் அடியோடு நிறுத்திவிட்டு, காலையில் 40 நிமிடம் நடக்கவும் தொடங்கினேன். முதல் மாதத்தில் 2 கிலோ குறைந்தது. அதன்பின் எடை 82-ஐ விட்டு அசையவில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறும் மீன்குழம்பும் ஏதேனும் ஒரு துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்), இரவில் இரண்டு சப்பாத்தி; சாப்பாடு என்று நான் உட்கார்ந்து சாப்பிடுவது இவ்வளவுதான்.

சிப்ஸ் இருந்த இடத்தில் இப்போது மூன்று டப்பாக்கள் இருக்கின்றன: வறுத்த கப்பலண்டி (நிலக்கடலை), பேரீச்சம்பழம், அண்டிப்பருப்பு (முந்திரி). உறவினர் ஒருவர் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்ப்பதால் உடைந்த பருப்பு மலிவாகக் கிடைக்கிறது. பசித்தால் இவற்றில் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். எல்லாமே சத்துள்ள பொருள்கள் என்பதால் இவற்றின் மீது எனக்குச் சந்தேகம் எழவில்லை. ஆனால் வீட்டில் மனைவி டப்பாக்களைத்தான் குற்றம் சொல்கிறாள். அவள் சொல்வதில் உண்மை உண்டா? அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று யாரும் எழுத வேண்டாம். எந்த அளவு என்பதுதான் என் கேள்வி.

பதில் 1: தக்கலை வாசி

அண்ணா, உங்கள் மனைவி சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். "கொஞ்சம்" என்று நீங்கள் எழுதிய சொல்லைத்தான் நான் நம்பவில்லை, ஏனெனில் அதே சொல்லைச் சொல்லி நானும் ஓராண்டு ஏமாந்தேன்.

என் இடம் கடையன்று, அடுக்களை. தேங்காய் துருவும்போது ஒரு பிடி துருவல், அவியலுக்கு அரைக்கும்போது இன்னொரு பிடி, பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன ஏத்தன்பழம், காலையில் எலுமிச்சைச் சாற்றில் இரண்டு பெரிய கரண்டித் தேன். இவற்றுள் எதையும் நான் சாப்பாடாகக் கணக்கிட்டதில்லை. தேன் மட்டுமே ஏறத்தாழ 120 கலோரி என்றும், 30 கிராம் துருவல் 100 கலோரியைத் தாண்டும் என்றும் பின்னரே அறிந்தேன். சட்டிக்குப் போகும் வழியில் வாய்க்குப் போனதை மனம் எண்ணுவதில்லை.

பட்டியல் எழுதிப் பார்க்கலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது பயன்படவில்லை, எழுதும் நேரத்தில் பாதி மறந்துபோயிருக்கும். டப்பாவையே எடை போடுங்கள். திங்கள்கிழமை காலையில் ஒருமுறை, சனிக்கிழமை கடை அடைக்கும்போது ஒருமுறை போதும்.

பதில் 2: நாகர்கோவில், உணவியல் படித்தவர்

அளவைத்தான் கேட்டிருக்கிறீர்கள், எனவே அதையே சொல்கிறேன். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி. முந்திரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பாக இருப்பதால் 100 கிராமுக்கு 580 கலோரி அளவில் வருகிறது. நிலக்கடலை 560-ஐ ஒட்டியும் பேரீச்சை 280-ஐ ஒட்டியும் இருக்கும். நீங்கள் விட்டுவிட்ட ஏத்தங்காய் சிப்ஸும் 100 கிராமுக்கு 500-ஐத் தாண்டும் பொருள்தான். ஆகவே சத்தில் முந்திரி பல மடங்கு உயர்ந்தது என்றாலும், கலோரிக் கணக்கில் நீங்கள் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. முந்திரியிலுள்ள நல்ல கொழுப்பும் உடலுக்குக் கொழுப்பே. உங்கள் எடைக்கு 40 நிமிட நடையில் செலவாவது 200 கலோரியை ஒட்டியே இருக்கும். 35 கிராம் பருப்பு அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவுக்குக் கொட்டைகளும் விதைகளும் சேர்த்து 35 கிராம் என்று குறிக்கப்பட்டுள்ளது. முழு முந்திரியாக எண்ணினால் 28 கிராமில் ஏறத்தாழ 18 பருப்பு வரும். உங்களிடம் இருப்பதோ உடைந்த பருப்பு; அதை எண்ண முடியாது என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

பதில் 3: குளச்சல்காரன்

மேலே எழுதிய இருவருடனும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நண்பர் பருப்பை நிறுத்தி மீண்டும் மிக்சருக்குப் போய்விடக் கூடாது. முழுக் கொட்டைகளை மெல்லும்போது அவற்றிலுள்ள கொழுப்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. 2012-இல் அமெரிக்க வேளாண் துறையினர் பாதாமை வைத்து நடத்திய ஆய்வில், 28 கிராமுக்கு 170 கலோரி என்று கணக்கிடப்பட்டு வந்த இடத்தில் உடலுக்குக் கிடைத்தது 129 கலோரி மட்டுமே என்று கண்டார்கள். ஆகவே பொருளின் மீது பழி போட வேண்டாம். பசி இல்லாத வேளையில் டப்பாவுக்குப் போகும் கையைத்தான் கவனிக்க வேண்டும். பசி என்றால் ஓர் அவித்த முட்டை கூடப் போதுமென்று தோன்றும். முட்டை வேண்டாம், முந்திரிதான் வேண்டும் என்று தோன்றினால் அது பசியன்று.

கேள்வி கேட்டவர், எட்டு நாள் கழித்து

அனைவருக்கும் நன்றி. தக்கலை சகோதரி சொன்னபடியே எடை போட்டேன். ஆறு நாளில் காலியானது முந்திரி 310 கிராம், கப்பலண்டி 190 கிராம், பேரீச்சை 120 கிராம். நாகர்கோவில் ஐயா கொடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 3,200 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 530-க்கு மேல். கடைப் பையனும் இரண்டொரு முறை கை வைத்தான். அதைக் கழித்தாலும், ஆய்வின்படி இன்னும் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், இரண்டு சப்பாத்தியில் நான் காட்டிய கட்டுப்பாட்டுக்குப் பொருளில்லாமல் போகிறது.

எப்போது கை போகிறது என்பதையும் கவனித்தேன். பள்ளி விடும் நேரத்தில் கடையில் கூட்டம் நெரியும்போது ஒரு பருப்பும் எடுப்பதில்லை. காலை 11 மணிக்கு மேல் ஆள் வராமல் கிடக்கும்போதும், மொத்த வியாபாரியின் பில்லைச் சரிபார்க்கும்போதும்தான் மூடி திறக்கிறது. பில்லில் ஒரு வரிக்கு ஒரு துண்டு என்று ஏறக்குறைய ஒரு கணக்கே இருந்திருக்கிறது.

மூன்று டப்பாக்களும் இப்போது வீட்டில் இருக்கின்றன. காலையில் மனைவி 25 கிராம் பருப்பை எடை போட்டுச் சிறிய கிண்ணத்தில் தந்துவிடுகிறாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேசைக்கு அடியில் தோட்டோடு அவித்த கடலை இருக்கிறது. உரிக்கத் தொடங்கும்போது யாராவது பேனா கேட்டு வந்துவிடுவதால் பாதி நாள் அதுவும் ஆறிப்போய் மிச்சமாகிறது. உரித்த தோடு கண்ணெதிரே குவிந்து கிடப்பதைப் பார்க்கவும் சற்று வெட்கமாகவே இருக்கிறது.