பெல்ஃபாஸ்ட் சிஸ்டர் பேசுவது தப்பான இங்கிலீஷா?

வார்டுமணி:
வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் வார்டு சிஸ்டர், "ஆஸ்க் ஹிம் டஸ் ஹி வாண்ட் டீ" என்கிறார். கேள்விக்குள் கேள்வி வந்தால் "இஃப்" போட்டு "ஹி வான்ட்ஸ்" என்று நேராக்கு என அடித்துச் சொல்லித்தானே அனுப்பினார்கள்?

கரிசல்காடு:
தப்பே இல்லை, அயர்லாந்து முழுக்க இப்படித்தான். சும்மா இஷ்டத்துக்கும் இல்லை, கறாரான விதி இருக்கிறது. "இஃப்" போட்டுவிட்டால், "ஹி"க்கு முன்னால் "டஸ்" வருகிற மாதிரி வார்த்தை வரிசையைத் திருப்பக் கூடாது. "ஆஸ்க் ஹிம் இஃப் டஸ் ஹி" என்று உங்கள் சிஸ்டரும் சொல்ல மாட்டார். வினைச்சொல்லையும் பார்க்க வேண்டும். ஆஸ்க், வண்டர் மாதிரி பதில் தெரியாத இடத்தில் திருப்பலாம். "ஐ ஃபவுண்ட் அவுட் ஹவ் டிட் தே கெட் இன்" என்றால் அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இடறும், பதில்தான் தெரிந்துவிட்டதே; ஆனால் பெல்ஃபாஸ்டில் சிலர் அதையும் சொல்வார்கள்.

தேநீர்க்கடை:
நம்மூர்ப் பேச்சு இதற்கு நேர் எதிர். "வாட் யூ ஆர் டூயிங்?" என்று நேர்க்கேள்வியையே திருப்பாமல் கேட்கிறோம்! அதை மட்டும் ஏன் எல்லாரும் கிண்டல் செய்கிறார்களோ.

வார்டுமணி:
சரி, சிஸ்டரை இனிமேல் கவனித்துக் கேட்கிறேன். கேஸ் ஷீட்டில் மட்டும் "இஃப்" போட்டே எழுதிக்கொள்கிறேன்.