புதுப்பிப்பு: ஈடிஆர்1 நீக்கிய ஈஸ்ட்டில் ஃபேப்ஐ வேலை செய்தது

ஈடிஆர்1 என்பது மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பு அமிலம் உருவாக்க உதவும் ஒரு நொதியின் மரபணு. அதை நீக்கிய ஈஸ்ட்டுக்குள், அதே வேலையைச் செய்யும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஃபேப்ஐ மரபணுவைச் செலுத்தியும், மைட்டோகாண்ட்ரியா வழிச் சுவாசம் இருந்தால் மட்டுமே ஈஸ்ட் வளரக்கூடிய 3% கிளிசரால் தட்டில் ஏன் வளரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அந்தக் கொழுப்பு அமிலப் பாதையிலிருந்து கிடைக்கும், சில மைட்டோகாண்ட்ரிய நொதிகளுக்குத் தேவையான லிப்போயிக் அமிலத்தைச் சேர்த்தது பலிக்கவில்லை. வெளியிலிருந்து கொடுப்பதை ஈஸ்ட் தன் நொதிகளில் பொருத்திக்கொள்ளாது. ஃபேப்ஐ புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்ப, காக்ஸ்4 என்ற ஈஸ்ட் புரதத்தின் முன்தொடரை (முகவரி போல வழிகாட்டும் முன்துண்டு) இணைத்தேன். அது அவசியம், ஆனால் போதவில்லை.

"மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இருக்கிறதா பாருங்கள்" என்ற யோசனைதான் முடிச்சை அவிழ்த்தது. சுவாசத்துக்கு வேண்டிய சில மரபணுக்கள் அந்த டிஎன்ஏவில்தான் உள்ளன. அந்த டிஎன்ஏ அறவே இல்லாத, ஆனால் ஈடிஆர்1 உள்ள சோதனை இனத்துடன் கலப்பினம் செய்தேன். கலப்பில் கிடைத்த இருமய செல்களும் (இரு பெற்றோரின் குரோமோசோம்களும் கொண்டவை) கிளிசராலில் வளரவில்லை. அதாவது என் செல்கள் அந்த டிஎன்ஏவை ஏற்கெனவே இழந்துவிட்டன. இனி எந்த நொதியைக் கொடுத்தாலும் மீளாது.

புதிதாகத் தொடங்கினேன். முதலில் யூரா3 என்ற அடையாள மரபணு உள்ள பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள வளைய டிஎன்ஏ) ஈடிஆர்1-ஐ வைத்து, அதன் பிறகே குரோமோசோம் பிரதியை நீக்கினேன். கிளிசராலில் வளர்த்து, ஃபேப்ஐ பிளாஸ்மிடைச் செலுத்தி, லிட்டருக்கு 1 கிராம் 5-எஃப்ஓஏ (யூரா3 உள்ள செல்களைக் கொல்லும் வேதிப்பொருள்) உள்ள குளுக்கோஸ் தட்டில் பழைய பிளாஸ்மிடை வெளியேற்றினேன். உடனே கிளிசராலுக்கு மாற்றினேன். 30 டிகிரியில் ஐந்தாம் நாள் காலனிகள் தெரிந்தன. வெற்றுப் பிளாஸ்மிடும் முன்தொடர் இல்லாத ஃபேப்ஐயும் வளரவில்லை.

குளுக்கோஸில் பலமுறை மறுவளர்ப்பு செய்யாதீர்கள், டிஎன்ஏ இழப்பு அங்கேதான் கூடுகிறது.