பெஸ்ஸெகனுக்கு ஆர் ஆர் வாறியள்?

திங்கள், மாலை 6:12

துஷி: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை அப்பான்ர ஆண்டுத்திவசம். அடுத்த நாள் ஞாயிறு நானும் அபியும் பெஸ்ஸெகன் மலைவிளிம்புப் பாதை நடக்கப் போறம். ஆர் ஆர் வாறியள் எண்டு இண்டைக்கே சொல்லுங்கோ. ஓகஸ்டில போட் ரிக்கற் கெதியா முடிஞ்சிடும்.

அபி: நான் வாறன்

துஷி: நீ வாறாய் எண்டுதானே எழுதியிருக்கு

வசந்தி மாமி: என்ன பிள்ளை, திவசம் முடிஞ்ச கையோட மலையோ. நாங்கள் கனடாவில இருந்து நோர்வே வந்து நிக்கேக்க

இணுவில் பெரியம்மா: [மாலை வணக்கம் படம்]

கண்ணன் சித்தப்பா: வசந்தியக்கா, அது விளையாட்டுக்குப் போறதில்லை. துஷின்ர அப்பா, சின்னண்ணா, 17 தரம் நடந்த பாதை. தெரியாத ஆக்களுக்காக வடிவா எழுதுறன், வாசியுங்கோ. ஒஸ்லோவில இருந்து ஃபாகர்னெஸ், பைத்தொஸ்தோலன், பிறகு வால்ட்ரெஸ்ஃப்லியே மேட்டால 51ஆம் இலக்க றோட்டு. நாலு மணித்தியாலம் வையுங்கோ. காரை ரைன்ஸ்வாங்கனில விட்டிட்டு பஸ்ஸில யெண்டெஸ்ஹைம் போகவேணும். அங்க யெண்டெ ஏரியில முதல் போட்டைப் பிடிச்சு மெமுருபுவில இறங்கி, அங்கயிருந்து யெண்டெஸ்ஹைமுக்குத் திரும்பி நடக்கிறது. 14 கிலோமீற்றர். நிண்டு நிண்டு நடந்தா எட்டு மணித்தியாலம். சிலர் யெண்டெஸ்ஹைமில இருந்து தொடங்குவினம். அப்பிடிப் போனா அந்தச் செங்குத்து விளிம்பில கீழ இறங்கவேணும், கடைசிப் போட்டுக்கும் ஓடவேணும். எங்கட பக்கமா வந்தா விளிம்பை ஏறித்தான் கடக்கிறம். இருட்டுமுன்னம் எப்ப வந்து சேர்ந்தாலும் சரி.

வசந்தி மாமி: எட்டு மணித்தியாலமோ!!

வசந்தி மாமி: என்ர முழங்கால் தெரியும்தானே

அம்மா: வசந்தி நீயும் நானும் போட்டில போய் வருவம். யெண்டெபு வரைக்கும் போகும். இறங்கி இருந்து சாப்பிட்டிட்டு அடுத்த போட்டில வரலாம்

வசந்தி மாமி: அப்பிடியெண்டா வாறன். என்ன சாப்பாடு

அம்மா: பிட்டு அவிச்சுக் கட்டலாம். திவசத்துக்கு அடுத்த நாள் எண்டாலும் மச்சம் வேண்டாம்

அபி: மட்டன் ரோல்ஸ் இல்லையோ 😢

அம்மா: இல்லை

இணுவில் பெரியம்மா: அங்க காட்டுக்க கரடி கிரடி நிக்குமோ பிள்ளையள்

துஷி: இல்லைப் பெரியம்மா. அங்க காடே இல்லை. மரம் எல்லாம் கீழயே நிண்டிடும், மேல வெறும் கல்லும் பாசியும். கலைமான் நிண்டாலும் நிக்கும்

இணுவில் பெரியம்மா: கடவுளே. தண்ணிக்கு என்ன செய்வியள்

அபி: ஆத்தில அள்ளிக் குடிக்கிறது

இணுவில் பெரியம்மா: காய்ச்சாமலோ??

கண்ணன் சித்தப்பா: காய்ச்சத் தேவையில்லை மச்சாள், நாங்கள் எல்லாரும் குடிச்சனாங்கள்தான். நான் இன்னும் முடிக்கேல்லை. அந்த இடத்தில பார்க்கவேண்டியது ரெண்டு ஏரி. பான்டெ எண்டு ஒரு ஒடுக்கமான இடம் வரும், அதுக்குப் பிறகுதான் விளிம்பு ஏற்றம் தொடங்கும். அதில நிண்டா இடக்கைப் பக்கம் பெஸ்வத்னெ, காலடியில இருக்கிற மாதிரி, கடும் நீலம். 1,373 மீற்றர் உயரம். வலக்கைப் பக்கம் யெண்டெ, 984 மீற்றரில. அதாவது 389 மீற்றர் கீழ. அது பச்சை. ஏன் பச்சை எண்டா, பனியாறு மலையை மாவா அரைச்சு விடுது, அந்த மா ஆத்தோட வந்து யெண்டெயில இறங்குது. ஆத்து வாயில பாத்தா அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கும். ஏரிக்க பரவி வெயில் பட்டா பச்சை. பெஸ்வத்னெக்குப் பனியாத்துத் தண்ணி வாறதில்லை, அதால நீலம். 1987 செப்ரெம்பரில, நாங்கள் படிச்ச ஃபோல்கஹெய்ஸ்கூல வாத்தியார் எங்களைக் கூட்டிக்கொண்டு போகேக்க இதைச் சின்னண்ணாதான் அவரிட்டக் கேட்டு எனக்குத் தமிழில சொன்னவர். எனக்கு அப்ப நொஷ்க் பாஷை ஒரு சொல்லும் ஓடாது. ரெண்டு பேரும் ஊரில இருந்து போட்டுக்கொண்டு வந்த கன்வஸ் சப்பாத்து. முழுக்க ஈரம்.

துஷி: ❤️

அபி: சித்தப்பா, உண்மையா ஒரு கேள்வி. ஏன் கல்ஹோப்பிகன் போகேலாது? 2,469 மீற்றர். வட ஐரோப்பாவிலேயே உயரம். அப்பா அது போகவேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்

அம்மா: ஓம் சொன்னவர்

கண்ணன் சித்தப்பா: யுவஸ்ஹித்தாவில இருந்து எண்டா பனியாறு கடக்கவேணும் அபி. பனிக்குக் கீழ வெடிப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வழிகாட்டியோட, ஆளுக்காள் கயிறு கட்டித்தான் போகலாம். ஸ்பீத்தர்ஸ்தூலனில இருந்து போனா பனியாறு இல்லை, ஆனா 1,300 மீற்றருக்கு மேல ஏற்றம். அடுத்த வருசம் பாப்பம்.

அபி: அடுத்த வருசம் எண்டு எழுத்தில இருக்கு, மறக்காதேங்கோ

துஷி: சரி ஞாயிறுக்கு வருவம். இதுவரைக்கும் நடக்கிறது நான், அபி, சித்தப்பா. போட் அம்மா, மாமி. பெரியப்பா?

துஷி: பெரியப்பா பாத்தாச்சு, நீலச் சரி விழுந்திருக்கு

மாலை 7:40

கண்ணன் சித்தப்பா: இப்ப யூஆர் வானிலை பாத்தனான். ஞாயிறு மழையும் காத்தும் போட்டிருக்கு. வெள்ளி நல்ல வெயில். விளிம்பில கையும் ஊண்டி ஏறவேண்டிய இடம் இருக்கு, கல்லு நனைஞ்சா வழுக்கும். வெள்ளிக்கு மாத்துவமோ?

வசந்தி மாமி: திவசத்துக்கு முதலோ? ஒரு வருசம் முடியுமுன்னம் மலை ஏறப்படாது. எங்கட அப்பா செத்த வருசம் அம்மா கதிர்காமம் போகாமல் இருந்தவ, மறந்து போச்சோ

துஷி: மாமி அது கோயிலுக்கு

வசந்தி மாமி: மலை மலைதான்

வசந்தி மாமி: அஸ்தியும் கீரிமலையில கரைச்சாச்சு. பிறகு ஏன் அங்க போகவேணும் எண்டு எனக்கு விளங்கேல்லை

துஷி: மாமி, அப்பான்ர மலைச் சப்பாத்து இன்னும் வாசலில இருக்கு. அடியில போன வருசத்து மண் காய்ஞ்சு கிடக்கு. நான் கழுவேல்லை. அவர் கடைசியா நடந்த மண். அதுதான்.

வசந்தி மாமி: சரி பிள்ளை

கண்ணன் சித்தப்பா: நாள் எதுவெண்டாலும் ஒண்டு சொல்லுறன். காத்து பலமெண்டா பான்டெயில நிண்டு முடிவெடுப்பம், வீம்பு பிடிக்கேலாது. இஞ்ச மலை விதி ஒன்பது இருக்கு. எட்டாவது, நேரத்தோட திரும்பு, திரும்பிறதில வெக்கம் இல்லை. பள்ளிக்கூடத்திலயே பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறது. அபி, துஷி, உங்களுக்குத் தெரியும்தானே

பெரியப்பா: 2011 இல எனக்கு ஆரும் அதைச் சொல்லேல்லை

மாலை 8:05

வசந்தி மாமி: பெரியண்ணா இப்ப எதுக்கு அது

பெரியப்பா: புகார் வந்தது. பத்தடி தெரியேல்லை. அபிக்கு எட்டு வயசு. நான் அவனைக் கூட்டிக்கொண்டு மெமுருபுவுக்குத் திரும்பினனான். அதுக்குப் பயந்தாங்கொள்ளி எண்டு எல்லாற்ற முன்னாலயும் தம்பியிட்டப் பேச்சுக் கேட்டனான். பொங்கல் வரைக்கும் தம்பி கதைக்கேல்லை

அபி: எனக்கு ஞாபகம் இருக்கு. பெரியப்பா தன்ர ஜக்கெற்றை எனக்குப் போட்டுவிட்டவர். கை நீளம் முழங்கால் வரைக்கும் தொங்கினது. போட்டில எனக்கு வாஃபல் வாங்கித் தந்தவர்

பெரியப்பா: போட்டில இல்லை. ஹித்தாவில, அந்த மலை விடுதியில

அபி: ஓம் ஹித்தாவில

கண்ணன் சித்தப்பா: பெரியண்ணா, அந்த ஏற்றத்தில சின்னண்ணாவும் நானும் தவண்டுதான் போனனாங்கள். பாதை காட்டுற சிவப்பு T அடிச்ச கல்லையே காணேல்லை. ஒருக்கா அவர் யெண்டெப் பக்கமாக் கால் வைக்கப் போய் நான் பையில பிடிச்சு இழுத்தனான். இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை. சொல்லாதை எண்டு கேட்டவர்.

துஷி: என்ன??

அம்மா: எனக்குச் சொன்னவர். அண்டைக்கு இரவே ஹித்தாவில வைச்சுச் சொன்னவர். அண்ணா செய்ததுதான் சரி, என்ர பிள்ளையை அவர்தான் காப்பாத்தினவர் எண்டு. நான் உங்களிட்டயும் சொல்லியிருப்பார் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்

பெரியப்பா: இல்லை

பெரியப்பா: சொல்லேல்லை

இணுவில் பெரியம்மா: [குரல் செய்தி 2:47]

வசந்தி மாமி: அக்கா அழுறா. நானும்

மாலை 9:31

துஷி: யெண்டெஸ்ஹைம் ஹித்தாவில சனி இரவுக்கு இடம் இருக்கு எண்டு காட்டுது. சனி மத்தியானம் படையலும் சாப்பாடும் முடிஞ்சு, ஆக்கள் போனவுடன வெளிக்கிட்டா இரவுக்கு அங்க நிப்பம். விடிய முதல் போட். திங்களும் லீவு எடுத்தா, ஞாயிறு மழையெண்டா திங்கள் நடக்கலாம்

கண்ணன் சித்தப்பா: எனக்குத் திங்கள் வேலை. கேட்டுப் பாக்கிறன்

வசந்தி மாமி: சனி பின்னேரம் சாமான் சட்டி ஆர் கழுவிறது

அம்மா: அதை நான் பாக்கிறன்

அபி: அப்ப நீங்கள் போட்டுக்கு வரேல்லையோ அம்மா

அம்மா: வாறன் வாறன்

இணுவில் பெரியம்மா: மழைக்குள்ள தலை நனைக்க வேண்டாம். உப்புத் தண்ணி கொப்பளியுங்கோ

பெரியப்பா: துஷி

துஷி: சொல்லுங்கோ பெரியப்பா

பெரியப்பா: தம்பின்ர சப்பாத்து என்ன நம்பர்

துஷி: 42

பெரியப்பா: எனக்கும் 42 தான். கழுவாதை. அப்பிடியே கொண்டு வா

துஷி: அப்ப நடக்கிறியளோ போட்டோ

பெரியப்பா: மெமுருபுவில இறங்கிப் பாப்பம்

அபி: அப்ப ரிக்கற் எத்தினை எடுக்க? ஞாயிறோ திங்களோ?

கண்ணன் சித்தப்பா: பொறு, யூஆர் நாளைக்குப் புதுசாப் போடும்