ஹார்ட்ஷிப் கடிதம், வெய்வர்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கூடல்மகள்:
அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குப் போன கணவருக்கு மும்பைத் தூதரக நேர்காணலில் ஆயுள் தடை. எங்கள் திருமணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு, சுற்றுலா விசாவுக்காக ஓர் ஏஜென்ட் செருகிய போலி வேலைச் சான்றிதழ்தான் காரணம். ஐ-601 போட்டோம்: அவர் வர முடியாவிட்டால் குடும்பத்துக்குக் கடும் கஷ்டம் (ஹார்ட்ஷிப்) என்று காட்டி, தடையிலிருந்து விலக்கு (வெய்வர்) கேட்கும் மனு. 

கடிதத்தில் அம்மாவைப் பற்றித்தான் நிறைய எழுதியிருந்தேன். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப்போக என்னை விட்டால் ஆளில்லை. வக்கீல் அந்தப் பக்கத்தைப் பென்சிலால் சுற்றி, "இந்த மனுவில் உங்கள் அம்மாவுக்கு இடமில்லை" என்றார். மனுதாரரின் (இங்கே என் கணவரின்) மனைவி அல்லது கணவன், மனுதாரரின் தாய் தந்தை, அதுவும் அமெரிக்கக் குடிமக்களாகவோ கிரீன் கார்டு உள்ளவர்களாகவோ இருந்தால்தான் கணக்கில் வருவார்கள். மாமியார் வரமாட்டார், பிள்ளைகளும் வரமாட்டார்கள். அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்வதால் எனக்கு என்ன ஆகிறது என்று எழுதச் சொன்னார். எழுதினேன்: குறைத்துக்கொண்ட ஷிஃப்ட், அதனால் பறிபோகவிருந்த காப்பீடு, எனக்கு வந்த ரத்த அழுத்தம்.

அம்மா படித்துக் காட்டச் சொன்னார். அவர் வரும் இடமெல்லாம் எனக்குப் பாரமாகவே வருகிறார். முழுவதும் கேட்டுவிட்டு, "சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்" என்றார். வெய்வர் கிடைத்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

வைகைக்கரை:
பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், அக்கா. படிப்பவர்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். பொய்த் தகவலுக்கும், ஆவணமின்றித் தங்கியதற்கும் நீங்கள் சொல்வது சரி. குற்ற வழக்குகளுக்கான வெய்வரில் மகனும் மகளும் கணக்கில் உண்டு. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்தவர் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கான வெய்வரிலும் பிள்ளை உண்டு.

என் மனைவி மருத்துவர். ஜே-1 மருத்துவர்களுக்கு இந்திய அரசின் ஆட்சேபணையின்மைக் கடிதம் பயன்படாது. நாங்கள் இருவருமே குடிமக்கள் அல்லர். இங்கே பிறந்த மகனை வைத்துத்தான் ஐ-612 என்ற வெய்வர் மனு போட்டோம். அவனுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட், காது கேட்பதற்காக உள்ளே பொருத்தும் கருவி. தாயுடன் போனாலும் கஷ்டம், தாயின்றி இங்கே இருந்தாலும் கஷ்டம் என்று இரண்டையும் காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரிடம் கடிதம் கேட்டுப் போனபோது அவர் எழுதத் தொடங்கவே இல்லை. மகனைக் கூப்பிட்டு ஒரு பந்தைக் காட்டினார். "அம்மா, பந்து" என்றான். இரண்டு சொல்லை அவன் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் முறை. "இதைத்தான் எழுதப்போகிறேன்" என்றார் அவர். மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஹூஸ்டன்வாசி:
ஒரு குடியேற்ற வக்கீலிடம் உதவியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். எல்லை தாண்டி வந்து ஓராண்டோ அதற்கு மேலோ ஆவணமின்றி இருந்தவர், நாட்டை விட்டு வெளியேறியதும் பத்தாண்டுத் தடையில் விழுவார். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட முடிச்சு அது. 2013 முதல் 601ஏ என்ற மனு இருப்பதால், விசா நேர்காணலுக்கு வெளியே போவதற்கு முன்பே வெய்வர் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பெண்மணி கணவருக்காக வாங்கினார். கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். கணவர் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகருக்கு, அமெரிக்கத் தூதரக நேர்காணலுக்குப் போனார். முதன்முதலில் எப்போது அமெரிக்கா வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னார்: சில ஆண்டுகள் இருந்துவிட்டு, தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போய், மறுபடியும் எல்லை தாண்டியவர். அது நிரந்தரத் தடை. 601ஏ செல்லாமல் போனது. பத்தாண்டு வெளியே இருந்த பிறகுதான் அனுமதி கேட்டு மனுவே போட முடியும். எங்கள் கேள்வித்தாளை நிரப்பியவர் மனைவி. திருமணத்துக்கு முந்தைய அந்தப் பயணம் அவருக்குத் தெரியாது.

ஹோட்டல் அறையிலிருந்து அந்தப் பெண்மணி போன் செய்தார். "கடிதத்தில் எதைக் குறைவாக எழுதினோம்?" என்று கேட்டார். கடிதத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தணிக்கைக்காரன்:
என் மருமகளுக்கு இரண்டாவது மனுவில்தான் கிடைத்தது. குடும்பம் பிரிந்தால் எவருக்கும் வரும் வழக்கமான கஷ்டம்தான் இது என்று முதல் மறுப்பில் எழுதியிருந்தார்கள். மகன் அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது அவன் கை நடுங்கியது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கட்டும். மருந்துச் சீட்டு போதாது. நோயாளிக்கு அன்றாடம் யார் என்ன செய்கிறார் என்று மருத்துவர் எழுதித்தர வேண்டும். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரி விவரம் வையுங்கள். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கட்டாயம். நம்மவர்கள் கோட்டைவிடுவது, கூடவே இந்தியா போனால் என்ன என்ற கேள்வியில். உங்களுக்குத் தமிழ் தெரியும், உறவினர் இருக்கிறார்கள், மருத்துவம் மலிவு என்று அதிகாரி நினைப்பார். அதற்குப் பதில் எழுதாமல் கண்ணீரை மட்டும் எழுதிப் பயனில்லை. கஷ்டம் நிரூபணமானாலும் முடிவு அதிகாரியின் விருப்புரிமையில்தான் இருக்கிறது. பொய்த் தகவல் வழக்கென்றால் மனுதாரரும் தனியாக ஒரு கடிதம் எழுதி, நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதவே கூடாது. கூடல்மகள், அம்மாவைப் பற்றி அப்படி எழுதியதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அதுதான் சரியான முறை.

கூடல்மகள்:
ஐயா, முறை சரி என்பது எனக்கும் தெரியும். சரியாக இருந்ததால்தான் வலிக்கிறது. வைகைக்கரை, பிள்ளைகள் பற்றி நீங்கள் திருத்தியது நல்லது. ஹூஸ்டன்வாசி, அந்தப் பெண்மணி இப்போது என்ன செய்கிறார்?

ஹூஸ்டன்வாசி:
பிள்ளைகளின் படிப்புக்காக இங்கேயே இருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் அவர்களை அழைத்துக்கொண்டு கணவரிடம் போய்வருகிறார். அதன் பிறகு நாங்கள் மனு எழுதுவதற்கு முன்பே, தகவல் பெறும் சட்டத்தின்படி எல்லைத் துறையின் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்குகிறோம். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வருகையையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது நேர்காணல் தேதி வந்திருந்தால், கிளம்புவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.