ஹோசே ரமிரெஸை இப்போதே விற்கலாமா? மறுகட்டமைப்பில் உள்ள அணிக்கு ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். 12 அணிகள் கொண்ட டைனஸ்டி லீக்கில் (வீரர்களை ஆண்டுதோறும் தக்கவைத்துக்கொள்ளும் லீக்) கடைசி இடத்தில் முடித்த என் ஃபேன்டஸி பேஸ்பால் (உண்மையான வீரர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆடும் கற்பனை அணி விளையாட்டு) அணியை 2027-இல் கோப்பைக்குப் போட்டியிடும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2026 சீசனை விட்டுக்கொடுக்கத் தயார்.

அடித்தளம் மோசமில்லை. 2025-இல் 22 வயதிலேயே 45 ஹோம் ரன் அடித்த ஜூனியர் காமினேரோவும், 1.97 ஈ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பந்துவீச்சாளர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்) நேஷனல் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வென்ற பால் ஸ்கீன்ஸும் என்னிடம் இருக்கிறார்கள். இவர்களை யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

சிக்கல் ரமிரெஸிடம்தான். 2025 சீசனில் 30 ஹோம் ரன்னும் 44 ஸ்டீலும் (பேஸ் திருட்டு) எடுத்த அவருக்கு அந்த ஆண்டிலேயே 33 வயதாகிவிட்டது. எனவே எனக்கு அவர் தேவைப்படும் காலத்தில் அந்த ஸ்டீல்கள் பாதியாகக் குறைந்திருக்கக்கூடும். மேலும், காமினேரோவைப் போலவே அவரும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். அவருக்கு ஈடாக, பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஆட்டக்காரர்), 2025-இல் 19 வயதான கானர் கிரிஃபினையும், புதுமுக டிராஃப்டின் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் தர ஓர் அணி முன்வந்துள்ளது. 2025 சீசன் முடியும்வரை கிரிஃபின் பெரிய லீக்கில் ஒரு பந்துகூட ஆடவில்லை என்பதே என் தயக்கம். இப்போதே ஒப்புக்கொள்ளலாமா, அல்லது கோப்பைக் கனவில் இருக்கும் அணிகள் அதிகம் கொடுக்கத் துணியும் ஜூலை வரை காத்திருக்கலாமா?

இன்னொன்று: 2025 மார்ச்சில் முழங்கையில் செய்யப்படும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பந்துவீச்சாளர் கெரிட் கோலைக் குளிர்காலம் முழுவதும் வைத்திருப்பது சரியா? எங்கள் லீக்கில் இக்காலத்தில் காயப் பட்டியல் இடம் (காயமடைந்தவரை அணி எண்ணிக்கையில் சேர்க்காமல் வைக்கும் இடம்) கிடையாது. எனவே ஓர் இளம் வீரரை விடுவித்தாக வேண்டும்.