பிரேக் போட்டபடி வளைத்தால் கார் நேராகப் போகிறது: பேட் மாற்றியும் தீரவில்லை

கேள்வி (குன்னூர் வாசகர்):
வணக்கம். மாதம் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையத்துக்குக் காரில் இறங்குவது என் வழக்கம். பத்து நாட்களுக்கு முன்பு தூறலில், பர்லியாறு அருகே ஒரு கொண்டை ஊசி வளைவில் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றவே, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே பிரேக்கை அழுத்தினேன். கார் திரும்பாமல், இடப்பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கி நேராக வழுக்கிச் சென்று, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் இருக்கையில் அம்மா இருந்தார். மெக்கானிக் சொன்னபடி முன்சக்கர பிரேக் பேட்களை மாற்றினேன். நேற்று மழையில் மீண்டும் அதே போல் வழுக்கியது. அடிவாரத்தை நெருங்கும்போது கருகல் வாடை வருகிறது, பெடலும் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. கார் பழையது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் அமைப்பு) கிடையாது. பேட் சரியில்லையா, வேறு ஏதேனும் கோளாறா?

பதில் (இயற்பியல் ஆசிரியர், உதகை):
வணக்கம் ஐயா. நீங்கள் சொல்பவை இரண்டு வெவ்வேறு உராய்வுகளைச் சேர்ந்தவை. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் உராய்வு சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே குறைக்கும். காரை நிறுத்துவதும் திருப்புவதும், டயர் சாலையோடு தொடுகின்ற, ஏறக்குறைய உள்ளங்கை அளவே உள்ள நான்கு இடங்களில் உண்டாகும் உராய்வுதான். அங்கே பிடிமானம் போதாதபோது புதிய பேட் போட்டால், சக்கரம் இன்னும் எளிதாகப் பூட்டிக்கொள்ளுமே (சுழலாமல் நின்றுவிடுமே) தவிர வழுக்கல் தீராது. பூட்டிய சக்கரத்தின் மீது உராய்வு, அது வழுக்கும் திசைக்கு நேர் எதிராகவே செயல்படும். ஆகவே ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும்.

டயருக்கு உள்ள பிடிமானம் ஒரே கையிருப்பு என்று கொள்ளுங்கள். பிரேக்கும் வளைவும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள் என்பதால், வளைவுக்கே 80 சதவீதம் போய்விட்டால் பிரேக்குக்கு 60 சதவீதம் எஞ்சும் (80, 60 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 100-இன் வர்க்கம் வரும்). வளைவு முழுவதையும் கேட்டால் எதுவும் எஞ்சாது. வளைவின் ஆரம் 12 மீட்டர் எனக் கொண்டு, உலர்ந்த தாரில் உராய்வுக் கெழு (பிடிமானத்தைக் குறிக்கும் எண்) 0.7 என்றால், மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர் வரை திரும்ப முடியும். நனைந்த சாலையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் அது 25 கிலோமீட்டரே. இந்தக் கணக்கில் காரின் நிறை அடிபட்டுப்போகிறது; ஆட்கள் குறைவாக இருப்பதால் வேகமாக வளைக்கலாம் என்று எண்ண இடமே இல்லை.

பதில் (முப்பது ஆண்டுகள் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்):
தம்பி, ஆசிரியர் சொன்னதை நாங்கள் கையாலும் காலாலும் கற்றோம். வேகத்தை வளைவுக்கு முன்பே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்; எஞ்சினே பிரேக் போல வேகத்தைப் பிடித்து வைக்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால், மனம் ஒப்பாவிட்டாலும் பிரேக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் மீண்டும் உருண்டால்தான் ஸ்டீயரிங் கேட்கும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்கிற முதல் தூறலில் தூசியும் எண்ணெய்ப் பசையும் கலந்து சாலை வழவழப்பாகிவிடும். அது பெருமழையைவிட மோசமானது.

கருகல் வாடையை அலட்சியம் செய்யாதீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். 1,200 கிலோ எடையுள்ள கார் அதில் இழக்கும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது என்று என் மகன் கணக்கிட்டுக் காட்டினான். நீங்கள் வழியெங்கும் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் அதில் பெரும்பங்கு டிஸ்க்கில்தான் இறங்கும். பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஆயில் விரைவில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாக, பெடல் பஞ்சு போல் அமுங்கும். எப்போது மாற்றினீர்கள்? வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தித் தானாக ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி (குன்னூர் வாசகர்):
இருவருக்கும் நன்றி. ஆயில் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சந்தேகம்: எஞ்சின் தரும் பிரேக்கும் டயர் வழியாகத்தானே சாலையைச் சேர்கிறது? அதுவும் அதே கையிருப்பைத்தானே செலவழிக்கும்?

பதில் (இயற்பியல் ஆசிரியர், உதகை):
மிகச் சரியான கேள்வி. ஆம், அதே கையிருப்புதான். கீழ் கியரால் டிஸ்க்கின் சூடு குறையுமே தவிர டயரின் பிடிமானம் கூடாது. எனவே நனைந்த வளைவின் நடுவில் திடீரென கியரைக் குறைத்து கிளட்சைச் சட்டென விட்டால், உங்களுடையது போன்ற முன்சக்கர இயக்கக் கார் மறுபடியும் நேராகவே வழுக்கும். கியரையும் வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். டயர் பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள், அது 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறியைத் தொட்டிருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பின்குறிப்பு (குன்னூர் வாசகர்):
முன் டயர் இரண்டிலும் பள்ளம் குறியோடு சமமாகத் தேய்ந்திருந்தது. நகத்தால் தடவினாலே தெரிந்தது. டயரும் ஆயிலும் மாற்றி, இன்று காலை சாரலில் இரண்டாவது கியரில் இறங்கினேன். அதே வளைவுக்கு முன்பே 20 கிலோமீட்டருக்குக் குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் ஒடித்தேன். கார் திரும்பியது. அடிவாரத்தில் உள்ள கல்லாறில் நிறுத்திப் பார்த்தபோது வாடையும் இல்லை.