காலி வாடகை வீடு, கையில 350 யூரோ, எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது? (டோர்ட்முண்ட்)

திருச்சி_டு_டோர்ட்முண்ட்
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம்தான் வீட்டுச் சாவி கைக்கு வந்துச்சு, 52 சதுர மீட்டர், மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. உள்ள போனா சுவரும் தரையும் மட்டும்தான் இருக்கு, லைட் கூட இல்ல, சீலிங்லேர்ந்து மூணு ஒயர் தொங்குது. ஜெர்மனில இது சகஜம், காலி பண்றவங்க பல்பு ஹோல்டர் வரைக்கும் கழட்டிட்டுப் போயிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கிச்சன் மட்டும் முன்னாடி இருந்தவங்ககிட்டயே காசு குடுத்து வாங்கிட்டோம், மூணு மாச வாடகை டெபாசிட் கட்டினது போக இப்ப கையில 350 யூரோதான் இருக்கு. மெத்தை, ஒரு மேசை, ரெண்டு நாற்காலி ஆச்சு.

பிரச்சனை இதான்: சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடுது, ஒரே ஒரு டேபிள் லைட்ல ஓட்டுறோம். சுவர்ல படம் மாட்ட ஒட்டுற ஸ்ட்ரிப் வாங்கினேன், ராத்திரியே பேப்பரோட பேத்துக்கிட்டு விழுந்துடுச்சு. பேசினா எதிரொலிக்குது, அம்மா போன்ல "குகைக்குள்ள உக்காந்து பேசுறியா"ன்னு கேக்கிறாங்க. டிரில் போட்டா டெபாசிட் போயிடுமோன்னு என் கணவருக்கு பயம், அதனால கர்ட்டன் ராடும் மாட்டல. யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ், எதை முதல்ல பண்ணணும்னே புரியல.

கொலோன்_சேலத்துக்காரி
வாங்க சிஸ்டர். ஸ்ட்ரிப் விழுந்ததுக்கு காரணம் உங்க சுவர். கையால தடவிப் பாருங்க, ரவை தூவின மாதிரி சொரசொரன்னு இருக்கா? அதுக்குப் பேரு ராவ்ஃபாஸர், காகிதத்துக்கு நடுவுல மரத்தூள் வச்சு ஒட்டுன வால்பேப்பர், அதுமேல பெயிண்ட். ஸ்ட்ரிப் அந்த மேடு மேல மட்டும்தான் ஒட்டும், கொஞ்சம் வெயிட் ஏறினா பேப்பரையே பிச்சிடும். அதுல இனிமே காசு போடாதீங்க. சின்ன படத்துக்கு மெல்லிசு ஆணி போதும், எடுக்கும்போது துளி ஃபில்லர் வச்சு வெள்ளை தடவிட்டா அந்த சொரசொரப்புல இடமே தெரியாது.

டிரில்லுக்கு உங்க கணவர் பயப்படவே வேணாம். நியாயமான அளவுக்கு ஓட்டை போடுறது குடியிருக்கிறவங்க உரிமைதான், 1993லயே உச்ச நீதிமன்றம் இதைப் பத்தி தீர்ப்பு குடுத்திருக்கு. கர்ட்டன் ராடு, ஷெல்ஃப், லைட் எல்லாம் அதுல அடங்கும். பாத்ரூம்ல மட்டும் டைல்ஸ் நடுவுல போடாம ரெண்டு டைலுக்கு இடையில இருக்கிற சாந்து கோட்டுல போடுங்க. ஸ்விட்ச், பிளக் பாயிண்டுக்கு நேர் மேல, கீழ, பக்கவாட்டுல டிரில் வைக்கவே கூடாது, ஒயர் அந்த வழியாதான் ஓடும். ஞாயித்துக்கிழமை டிரில் சத்தம் வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டிடுவாங்க, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க. டிரில் சொந்தமா வாங்காதீங்க, பாவுமார்க்ட்னு சொல்ற கட்டுமானக் கடைகள் நிறைய இடத்துல வாடகைக்குத் தர்றாங்க.

ஹாம்_வாசி
தங்கச்சி, முதல் வேலை லைட்தான், மற்றதெல்லாம் பிறகு பாக்கலாம். ஆனா அந்த வயரில அவசரப்பட்டு கை வைக்காதேங்கோ. ஊரில எங்களுக்கு சிவப்பெண்டா கரண்ட், கறுப்பெண்டா நியூட்ரல் எண்டு பழகிப்போச்சு. இங்க அப்பிடி இல்லை, கறுப்பும் மண்ணிறமும்தான் கரண்ட் வாற வயர், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய கட்டிடமெண்டா சிவப்பு வயர் எர்த்தாயும் இருக்கும், சாம்பல் நிறம் நியூட்ரலாயும் இருக்கும். எங்கட ஆக்கள் ஊர்ப் பழக்கத்தில மாத்திப் பூட்டுறதை நான் கண்ணால கண்டிருக்கிறன். உங்கட வீட்டில என்ன நிறம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

அதுவரைக்கும் பிளக்கில குத்துற நிலவிளக்கு ரெண்டு பழசா வாங்கி அறையின்ட ரெண்டு மூலையில வையுங்கோ. பல்ப் பெட்டியில 2700 கெல்வின் எண்டு போட்டிருக்கோணும், அதுதான் மஞ்சள் வெளிச்சம். 4000க்கு மேல போனா கந்தோர் (ஆபீஸ்) வெளிச்சம் மாதிரி வெள்ளையா அடிக்கும், வெறும் சுவர் இன்னும் வெறுமையாத் தெரியும்.

நெக்கர்_நெல்லை
எதிரொலிக்கு மருந்து துணிதான் சிஸ்டர். லேமினேட் தரை, வெறும் சுவர், வெறும் ஜன்னல், சத்தத்தை உறிஞ்ச ஒண்ணுமே இல்ல, பின்ன என்ன பண்ணும். தரைல ஒரு பெரிய கம்பளம், ஜன்னலுக்கு கர்ட்டன், இது ரெண்டும் வந்தாலே பாதிக்கு மேல அடங்கிடும்.

கம்பளம் கடையில புதுசா வாங்கிறாதீங்க. பழைய சாமான் விக்க வாங்க க்ளைன்அன்சைகன்னு ஒரு ஆப் இருக்குல்ல, 2023 வரைக்கும் ஈபே பேரோட இருந்துச்சே அதான், அதுல தாத்தா பாட்டி வீட்டை காலி பண்றவங்க கெட்டியான கம்பளி விரிப்பை ரொம்ப குறைச்ச விலைக்குப் போடுவாங்க, ஏன்னா இங்க இளசுங்களுக்கு அந்த சிவப்பு டிசைன் புடிக்காது, நமக்கு அது பாந்தமா இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பி ஓரத்தைப் பாருங்க, அரிசி மாதிரி வெள்ளைக் கூடு, முடி கொட்டின திட்டு இருந்தா அந்துப்பூச்சி, தொடவே தொடாதீங்க. அடியில வழுக்காத வலை ஒண்ணு போட்டுக்கோங்க.

அதே ஆப்ல இலவசமா குடுக்கிறவங்க பகுதி தனியா இருக்கு, ஷெல்ஃப், கண்ணாடி, பூத்தொட்டி எல்லாம் வரும். பாத்த உடனே மெசேஜ் போடணும், அதுவும் ஜெர்மன்ல, நாலு வரி மரியாதையா, எப்ப வந்து எடுப்பீங்கன்னு நேரத்தோட எழுதினா பதில் வரும், வெறுமனே "இருக்கா?"ன்னு கேட்டா பெரும்பாலும் கண்டுக்க மாட்டாங்க.

கொலோன்_சேலத்துக்காரி
நெல்லை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். ரோட்டோரம் குவிச்சு வைக்கிற ஷ்பெர்முல், அதாவது மாநகராட்சி எடுத்துட்டுப் போற பெரிய சாமான் குப்பை, அதுலேர்ந்து எடுக்கிறது பல ஊர்ல அனுமதி இல்ல. அட்டைப் பெட்டில எழுதி வாசல்ல இலவசம்னு வச்சிருந்தா தாராளமா எடுக்கலாம். ஆனா சோஃபா, மெத்தை மாதிரி பஞ்சு வச்சது எதையும் தெருவுலேர்ந்து எடுத்துட்டு வராதீங்க, மூட்டைப்பூச்சி வந்தா செலவு உங்க மொத்த பட்ஜெட்டையும் தாண்டிடும்.

திருச்சி_டு_டோர்ட்முண்ட்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கப் படிக்க தைரியம் வருது. அண்ணா, ஒயர் பாத்துட்டேன், ஹால்ல கறுப்பு, சாம்பல், சிவப்பு. பெட்ரூம்ல மட்டும் நீங்க சொன்ன மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஹால்ல ஒரு சுவருக்கு மட்டும் செங்கல் கலர் அடிக்கலாம்னு ஆசை, அடிக்கலாமா? அப்புறம் பொட்டில அம்மா குடுத்த செட்டிநாடு காட்டன் புடவை மூணு கிடக்கு, கர்ட்டனா போட்டா நல்லாருக்குமா, கிழிச்சுதான் ஆகணுமா?

ஹாம்_வாசி
தங்கச்சி, ஹால் வயர் பழைய காலத்து வயர். அதில நீங்களும் தொடாதேங்கோ, அவரும் தொட வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதுங்கோ, இல்லாட்டி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கோ. காசு போனாலும் பரவாயில்லை, உயிர் விசயம். படுக்கையறையிலயும் பியூஸை இறக்கிப் போட்டு, கரண்ட் இல்லையெண்டு டெஸ்டர் வச்சு உறுதியாப் பாத்த பிறகுதான் வயரைத் தொடோணும், பழக்கமில்லாட்டி வாற எலக்ட்ரீஷியனிட்டயே ரெண்டையும் குடுத்து விடுங்கோ. லைட்டுக்குப் போடுற கூடு மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கோ, வெள்ளைக் காகித உருண்டைக் கூடு நல்ல மலிவு, பெரிசா ஒண்டு தூக்கினா ஹாலே வடிவா இருக்கும்.

கொலோன்_சேலத்துக்காரி
கலர் தாராளமா அடிங்க, குடியிருக்கிற வரைக்கும் உங்க இஷ்டம். ஆனா வெள்ளையா வாங்கின வீட்டை பளிச் கலரோட திருப்பிக் குடுத்தா நஷ்டஈடு கட்டணும்னு 2013ல தீர்ப்பு வந்திருக்கு. செங்கல் கலரை மறுபடி வெள்ளையாக்க ரெண்டு மூணு கோட்டிங் ஆகும், அந்தப் பெயிண்ட் காசு, நேரம் ரெண்டையும் யோசிச்சுக்கோங்க. என்னைக் கேட்டா 350 யூரோவுக்குள்ள சுவருக்கு ஏன் செலவு பண்ணணும், அந்தக் கலரைப் புடவைலயே கொண்டுவந்துடுங்க.

புடவை அஞ்சரை மீட்டர் இருக்கும், அகலம் ஒண்ணேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சீலிங் ரெண்டரை மீட்டர்னா கிழிக்கவே வேணாம், ராடு மேல நடுவுல மடிச்சுப் போட்டு முந்தி வெளிப்பக்கம் தெரியிற மாதிரி விட்டுடுங்க, ரெண்டு மடிப்பா இருக்கிறதால வெளிச்சமும் மட்டுப்படும், சத்தத்தையும் நல்லா வாங்கும். நழுவாம இருக்க கிளிப் வச்ச வளையம் விக்குது, அதுல கவ்வ விடுங்க, புடவைல ஊசி கூட படாது. தரையில புரள்ற நீளத்தை உள்பக்கமா ஏத்திக்கலாம். ஒரே விஷயம், ஜன்னலுக்குக் கீழ ஹீட்டர் இருந்தா புடவை அதை மூடக்கூடாது, மூடினா சூடு கண்ணாடிப் பக்கமே நின்னுடும், ரூம் காயாது. அந்த ஜன்னலுக்கு மட்டும் ஹீட்டருக்கு மேலயே நிக்கிற மாதிரி மடிச்சுக்குங்க.

நெக்கர்_நெல்லை
ஷெல்ஃப் வாங்கினா வெளிச்சுவரோட ஒட்டி வைக்காதீங்க, அஞ்சு பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க. குளிர்காலத்துல அந்தச் சுவர் ஜில்லுன்னு இருக்கும், காத்து போகலைன்னா பின்னாடி பூஞ்சை புடிக்கும், அதுக்கும் டெபாசிட்ல கை வைக்கலாம். தினமும் ரெண்டு மூணு தடவை ஜன்னலை முழுசா திறந்து அஞ்சு நிமிஷம் காத்து விடுங்க. சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் ஸ்மோக் டிடெக்டருக்கு நேர் கீழ வேணாம்.

திருச்சி_டு_டோர்ட்முண்ட்
சரி, பெயிண்ட் ஐடியாவை விட்டுட்டேன். ஓனருக்கு மெயில் போட்டாச்சு. பக்கத்து ஏரியாவுல ஒரு பாட்டி வீட்டுக் கம்பளம் 40 யூரோன்னு போட்டிருக்காங்க, ரெண்டு மீட்டருக்கு மூணு மீட்டர், சனிக்கிழமை வந்து பாருங்கன்னு பதில் வந்துருச்சு. கார் இல்ல, எப்படிக் கொண்டுவர்றது?

ஹாம்_வாசி
சுருட்டிக் கயிறால ரெண்டு இடத்தில கட்டினா ரெண்டு பேர் தோளில வச்சு ட்ராமில கொண்டுவரலாம், கூட்டமில்லாத நேரமாப் போங்கோ. இல்லாட்டி எனக்குச் சனிக்கிழமை பின்னேரம் டோர்ட்முண்டிலதான் தமிழ்க்கடை வேலை இருக்கு, வானும் இருக்கு. எத்தினை மணிக்கெண்டு தனியா எழுதுங்கோ, டிரில்லையும் ஏத்திக்கொண்டு வாறன்.